காதுக்காரர் வெட்டிய கப்பல் காசு

காதுக்காரர் என்றால் பழைய காசு வாங்கி விற்கிற வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; அது மின்சார பில்லில் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கோபம் வந்தால் மனைவிகூட, "காதுக்காரரே, இந்தப் பக்கமும் கொஞ்சம் காது குடுங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. வெள்ளிக் காசை இடது கை நடுவிரல் நுனியில் நிறுத்துவார். இன்னொரு காசால் அதன் விளிம்பில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அச்சில் அடித்த அசல் வெள்ளி நீளமாக, மெல்லிய குரலில் ஒலிக்கும். வார்த்தெடுத்த போலி தொக்கென்று அடங்கிவிடும். இது எல்லா வியாபாரிக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் மற்றவர்களுக்கு ஒலிக்கிறது, ஒலிக்கவில்லை என்ற இரண்டுதான் தெரியும். இவருக்கு அதற்குள்ளேயே பத்து வித்தியாசம் கேட்கும். ஒருமுறை இவர் கண்ணைக் கட்டிவிட்டு ஏழு காசைத் தட்டினார்கள். எது எந்த அச்சுக்கூடத்தில் பிறந்தது என்பதுவரை பிட்டுப் பிட்டு வைத்தார். காசு நல்லதாக இருந்தால் "உயிர் இருக்கு" என்பார். இல்லையென்றால் "செத்த காசு". மேல்முறையீடு கிடையாது; தன் காதுக்கு நன்றாகத்தான் கேட்டதென்று எவனும் எதிர்த்துப் பேசமாட்டான்.

ஞாயிறுதோறும் காலையில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடிக் கூடத்தில் சந்தை கூடும். மற்ற நாட்களில் அங்கே நடன வகுப்பு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வியாபாரிகளுக்கு அது மிகவும் தோதாகப் போயிற்று. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று நோகாமல் பார்க்கலாம். அங்கே காசைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். நீலத் துணியில் ஒருவர் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். விழுந்து விளிம்பு நசுங்கினால் யார் கையிலிருந்து விழுந்தது என்ற வம்பே வரக்கூடாது பாருங்கள்.

வருகிற காசில் முக்கால்வாசிக்கு எந்தச் சான்றும் இருக்காது. சான்று வேண்டுமென்றால் தலைநகரத்தில் ஒரு அலுவலகம் இருந்தது. காசை அனுப்பினால், மிஷினில் வைத்துப் பார்த்து, அசல்தான் என்று எண் போட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒட்டி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிகளை மட்டுமே விற்கிற ஒருவர் இவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரர். இருவரும் பரம வைரிகள். மதியம் ஒரே தட்டில் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள்.

"காச விக்கிறியா, சவப்பெட்டி விக்கிறியா?" என்பார் காதுக்காரர். "உள்ள போட்டு ஒட்டிட்டா மனுசன் எப்படிய்யா தட்டிப் பாக்கறது?"

"தட்டிப் பாக்க வேண்டாம்னுதானே பெட்டி" என்பார் பெட்டிக்காரர்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. அதை ஏற்படுத்தியவரே காதுக்காரர்தான். கூடத்தின் மூலையில், மேசையோடு திருகி மாட்டிய நெம்புக் கத்திரி ஒன்று இருக்கும். இரும்புப் பட்டையையே நறுக்கக்கூடியது. இவர் செத்ததென்று சொன்ன காசை, உடையவர் சம்மதித்தால், எல்லார் முன்னிலையிலும் அதில் வைத்து இரண்டாக வெட்டுவார்கள். "கெட்ட காசு இன்னொருத்தன் வயித்துல அடிக்கக் கூடாது" என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான், குறை சொல்ல முடியாது. உடையவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிப்பார்கள். மறுத்தால், இவன் அதை எவன் தலையிலோ கட்டப் பார்க்கிறான் என்று ஊர் பேசுமே! முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வெட்டு விழும். கடைசி இரண்டு வருடத்தில் மட்டும் பதினொன்று விழுந்திருந்தது.

"போலிக்காரன் ரொம்பக் கெட்டிக்காரனாயிட்டான்" என்று காதுக்காரர் புலம்பினார். "எடை சரி, அளவு சரி, முகம் சரி. தட்டினா பொணம். உலகமே கெட்டுப்போச்சு."

அவருக்கு ஒரே தங்கை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. நீராவிக்கு நடுவே நின்றபடி விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும், எட்டு மணி நேரம். இரண்டு முழங்காலும் வீங்கிப் போயிருந்தன. குடியிருப்பதோ மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. இன்னும் ஒரு வருடம் இப்படியே நின்றால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவி அடுக்கும் உதவியாளராக இருந்தவர். சாது. அவருக்கும் காசுப் பைத்தியம் உண்டு, ஆனால் கைராசி கிடையாது. வாங்குவதில் பாதி ஓட்டை. காதுக்காரர் அவரை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. "மாப்பிள்ள இன்னைக்கு என்ன தகரம் வாங்கினீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். அந்த மாப்பிள்ளைதான் இருபது வருடத்துக்கு முன், கீழ்த்தளத்தில் வீடு வாங்கச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு போய், ஒரு கிழவரின் வீட்டுச் சாமான்களோடு விலைக்கு வந்த கப்பல் காசை வாங்கினார். பாய்மரக் கப்பல் பொறித்த பெரிய வெள்ளிக் காசு. ஒரே வருடம் அடித்து, பிறகு நிறுத்தி, பாதியை உருக்கிவிட்டார்கள் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். வெளியே வந்தது மிகக் கொஞ்சம். அதற்கும் சான்று எதுவும் இல்லை.

வீட்டில் அன்று வெடித்த சண்டை அவர் சாகும்வரை ஓயவில்லை. "இது உன் பென்சன்டி. எனக்கப்புறம் இத வித்துக் கீழ்வீட்டுக்குப் போ" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் காதுக்காரரிடம் மட்டும் அந்தக் காசைக் கடைசிவரை காட்டவில்லை. காதுக்காரருக்கு அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரே தன்னிடம் கொண்டுவந்து காட்டுகிறது, சொந்தத் தங்கை வீட்டுக்காரன் காட்டமாட்டான் என்றால் என்ன அர்த்தம்?

மாப்பிள்ளை நெஞ்சு வலியில் போய் ஒரு வருடம் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி, கூடத்துக்கே வந்துவிட்டாள். கைக்குட்டையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து நீலத் துணியில் வைத்தாள்.

"அண்ணே, இத பெட்டில போட்டுத் தர்ற எடத்துக்கு அனுப்பலாமா? அப்படி இருந்தா நல்ல வெலை வரும்னு அவரு எழுதி வச்சிருக்காரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். காதுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், உனக்கு எவனோ ஒருத்தன் சீட்டுக் குடுக்கணுமா? எந்த ஊர் நியாயம்மா இது?"

"அதுக்கில்லண்ணே..."

"சும்மா இரு."

எடை போட்டார், சரி. விளிம்பு வரியை லென்ஸில் பார்த்தார், சரி. கப்பலின் கயிறுகூட முடி முடியாகத் தெரிந்தது. மனிதருக்கு உள்ளூர ஆசையாகத்தான் இருந்தது. தங்கச்சி கால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் விரல் நுனியில் நிறுத்தினார். தட்டினார். காதுப் பக்கம் கொண்டுபோய் இன்னொரு தட்டு. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். எதிர் மேசைப் பெட்டிக்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் டீயைக் குடித்தார்.

"செத்த காசும்மா" என்றார் காதுக்காரர்.

தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். "நல்லாக் கேட்டீங்களாண்ணே?"

"மூணு தடவ கேட்டேன். மாப்பிள்ள தலையில எவனோ நல்லா மொளகா அரைச்சிருக்கான். அப்பவே என்கிட்ட கொண்டுவந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னார். அதோடும் விட்டாரா? சொந்தத் தங்கை காசென்று பார்த்தால் நாளைக்கு ஊர் சிரிக்கும் என்று அவரே எழுந்து மூலைக்குப் போனார். "என்னம்மா, வெட்டிரட்டா?" என்றார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். அவரே நெம்புகோலை இறக்கினார். வெட்டின இடம் பளீரென்று வெள்ளையாக இருந்தது.

"உள்ளயும் வெள்ளிதான் போல" என்றார் பெட்டிக்காரர் மெதுவாக.

"வெள்ளி எவனுக்கும் கெடைக்கும். பொய்யெல்லாம் அச்சுலதான்" என்று காதுக்காரர் இரண்டு துண்டையும் துணியில் வைத்தார். தங்கை அவற்றை எடுத்து அதே கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வந்தது போலவே பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வேலையிடத்தில் ஈரத் தரையில் அவள் முழங்கால் மடங்கி விழுந்துவிட்டாள். பத்து நாள் படுக்கை. பதினொன்றாம் நாள் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? காதுக்காரருக்கு மனசு ஆறவில்லை. அவரிடமும் ஒரு கப்பல் காசு இருந்தது. அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகனிடமிருந்து நேரே வாங்கியது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இளவயதில் அதைத் தட்டித் தட்டித்தான் காதைப் பழக்கினார். பத்துப் பதினைந்து வருடமாக வெளியே எடுத்ததில்லை. இருக்கிறதிலேயே உசத்தியான அதை விற்று, தங்கையைக் கீழ்வீட்டில் உட்கார வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். மனைவியும், "இப்பவாவது தோணிச்சே" என்று ஒப்புக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, அலமாரி அடித்தட்டிலிருந்து அதை எடுத்தார். பழைய சினேகிதனைப் பார்க்கிற குஷியோடு விரலில் நிறுத்தித் தட்டினார்.

தொக்கென்றது.

நின்றவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை. தொக். காதுக்காரர் அப்போது என்ன நினைத்தார் தெரியுமா? திருட்டு என்று நினைத்தார்! எவனோ அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான். முப்பது வருடம் காசு வியாபாரம் பார்த்த ஆளுக்குத்தான் இப்படி புத்தி போகும். அலமாரிக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன், குழாய் ரிப்பேர்காரன், மனைவியின் அக்கா மகன் என்று ஒவ்வொருவராக மனசுக்குள் கூண்டில் ஏற்றினார். லென்ஸை எடுத்துப் பார்த்தால், கப்பலுக்குக் கீழே அவருக்கு மனப்பாடமான அந்தச் சின்னக் கீறல் அப்படியே இருந்தது. காசு அதேதான். குழம்பிப்போய் மறுபடி பலமாகத் தட்டினார்.

சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்: "ஏங்க, காலங்காத்தால எதுக்கு மணியடிச்சிட்டு இருக்கீங்க? தலைய வலிக்குது!"

"எது மணி?"

"இப்ப அடிச்சீங்களே. கணீர்னு இங்க வரைக்கும் கேக்குதே!"

அவர் மறுபடி தட்டினார். அவருக்கு விரலில் அதிர்வு மட்டும் தெரிந்தது. "இப்ப?" என்று கேட்டார்.

"அட, என்ன விளையாட்டு இது? கேக்குதுன்னு சொல்றேன்ல!"

மனைவி ஈரக் கையோடு வந்து பார்த்தபோது, காசைப் பிடித்தபடி அவர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

காது மிஷின் விற்கிற கடையில் அன்றே போய் உட்கார்ந்தார். சோதனை செய்கிற பெண் கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, தலையில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். தடித்த சத்தங்கள் வந்தன, அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி காத்திருந்தார். அவள் கதவைத் திறந்தாள்.

"மத்ததையும் போடும்மா, நான் ரெடி" என்றார்.

"எல்லாம் போட்டு முடிச்சிட்டேன் ஐயா."

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். மேலே இருக்கிற மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடமாகப் போயிருக்கும், அதனால் அவருக்குத் தெரிந்திருக்காது. மிஷின் வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

"காசு சத்தம்?"

"அது திரும்பி வராதுங்க ஐயா."

வீதியில் நின்று விரல்விட்டு எண்ணினார். இரண்டு வருடத்தில் பதினொன்று. தங்கையுடையது பன்னிரண்டு. யார் யாருடைய காசு என்று முகம் முகமாக வந்து நின்றது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றோ இரண்டோ நிஜமாகவே போலியாக இருக்கும். தங்கையுடையது அந்த ஒன்றாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டினார். பிறந்து வளர்ந்து இத்தனை வயதில், ஒரு காசு பொய்யாக இருக்க வேண்டுமே என்று அவர் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். துண்டுகளைப் பெட்டி போடுகிற அலுவலகத்துக்கு அனுப்பினால் சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய மிஷினுக்குக் காது தேவையில்லை.

மறுநாள் சந்தைக்குப் போகவில்லை. மத்தியானம் தங்கை வீட்டு மூன்று மாடியும் ஏறினார். அவள் மூன்று மணி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்; நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, சந்தைய விட்டுட்டு?"

"அந்தத் துண்டு ரெண்டும் இருக்காம்மா?"

தையல் டப்பாவிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். தன் காசு, மனைவி கேட்டது, கண்ணாடி அறை, பொத்தான். எதையும் மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் மனிதர் நேர்மையானவர்தான். தன்னுடைய கப்பல் காசை இன்றே அவள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, பையிலிருந்து எடுத்து அதையும் வைத்தார். கடைசியில் சொன்னார்:

"ஆனா ஒண்ணும்மா. உன்னுது நெசமாவே போலியா இருந்திருக்கலாம். இத அந்தப் பெட்டி போடுற ஆபீசுக்கு அனுப்பிக் கேட்டுரலாம். போலின்னுதான் வரும். எனக்கு அப்படித்தான் தோணுது."

"அனுப்ப வேணாம்ணே."

"ஏம்மா?"

அவள் கட்டின் நுனியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினாள்.

"இருபது வருஷமா தெனமும் காலையில சவரம் பண்ணி முடிச்சிட்டு அத எடுத்துத் தட்டுவாரு. நான் அடுப்படில இருந்து திட்டுவேன். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அன்னைக்கு நீங்க கூடத்துல மூணு தடவ தட்டினீங்க. மூணு தடவையும் அதே சத்தம்தான்ணே வந்துச்சு. கணீர்னு வந்துச்சு."

காதுக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுச்சா? கேட்டும் ஏம்மா வாயத் தொறக்கல? வெட்டட்டான்னு கேட்டேனே!"

"நீங்க செத்த காசுன்னீங்க. செத்த காசு எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? அதுவும் இப்படித்தான் சத்தம் போடும்போலன்னு நெனச்சேன். அண்ணன் சொன்னா தப்பா இருக்குமா?" மேசைமேல் இரண்டு துண்டையும் சேர்த்துவைத்தாள். "வீட்டுக்கு வந்து அவரு படத்தப் பாத்து, 'ஏமாளி, ஏமாளி'ன்னு கத்தினேன். நாலு மாசமா அந்த மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசலண்ணே."

அவர் தன் காசை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

"இத வச்சுக்கம்மா. உசிருள்ளது. சத்தியமா உசிருள்ளது."

"அத யாரு சொல்றது, நீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து, பையை மாட்டி, கதவைப் பூட்டினாள். இரண்டு துண்டும் அவருடைய காசும் மேசையிலேயே கிடந்தன. அவள் முன்னால் இறங்க, அவர் பின்னால் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் வலது காலை வைத்து, இடது காலை அதனிடம் சேர்த்து, கொஞ்சம் நின்று, அப்புறம் அடுத்த படி. மூன்று மாடிக்கும் ஐம்பத்துநான்கு படிகள் இருந்தன. தாங்கிப் பிடிக்க அவர் கையை நீட்டினார். அவள் கைப்பிடியையே பிடித்துக்கொண்டு இறங்கினாள்.